பதினாறாம் சேனல்

6 ஜனவரி 2025, திங்கள்

நெமிலிச்சேரியிலிருந்து பூந்தமல்லி வந்து சேர இரண்டு பஸ், ஒன்றே கால் மணி நேரம். மெட்ரோக்காரர்கள் ரோட்டை இன்னும் எத்தனை வருஷம் தோண்டுவார்களோ. கடைக்குள் நுழைந்து பெஞ்ச் மேல் இருக்கும் செட்டைப் போட்டேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, வந்துவிட்டது குரல்.

"ரேணு, கேக்குதா?"

"கேக்கல."

"கேக்கலன்னா எப்டிமே பதில் சொல்ற?"

தினமும் இதே கூத்து. இரண்டு வருஷமாக. ஒரு நாளாவது "கேக்குது" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் அந்தச் சிரிப்பு வராதே.

ஹைவேயில் நின்றுபோன கார்களைத் தூக்கிக்கொண்டு போகும் கம்பெனியில் என் வீட்டுக்காரர் டிரைவர், இவருக்கு மூணாம் நம்பர் வண்டி. மொத்தம் ஒன்பது வண்டி. ஒன்பதிலும் வயர்லெஸ் செட். ஒன்பதுக்கும் ரிப்பேர் எங்கள் கடையில்தான். கடை இராமகிருஷ்ணன் சாருடையது, சால்டரிங் பிடிக்கும் கை என்னுடையது. வண்டிகள் எல்லாம் ஒன்றாம் சேனலில் கன்ட்ரோல் ரூமோடு பேசும். அங்கே ஜானகிராமன் அண்ணன் உட்கார்ந்திருப்பார். பதினாறாம் சேனல் கடையில் செட்டைச் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும். அதை யாருக்கும் தெரியாமல் மூணாம் நம்பரிலும் ஏற்றிவிட்டவள் நான். கன்ட்ரோல் செட் எந்தெந்த சேனலைக் கேட்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் டிக் போடும்போது, பதினாறுக்கு மட்டும் டிக் போடவில்லை. புருஷன் பெண்டாட்டி பேசுவதை ஜானகிராமன் அண்ணன் எதற்குக் கேட்க வேண்டும்?

9 ஜனவரி, வியாழன்

மூணாம் நம்பர் செட்டே இன்று ரிப்பேருக்கு வந்தது. இவரே கழற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். புகார்: எதிரே பேசுவது நன்றாகக் கேட்கிறது, இவர் பேசுவது விட்டு விட்டுப் போகிறது.

"உன் வாய்க்கே லூஸ் கனெக்‌ஷன்யா" என்றேன்.

செட்டைத் திறக்குமுன் மைக் வயரைப் பிடித்து வளைத்துப் பார்ப்பது என் வழக்கம். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். கழுத்துப் பக்கம் வளைத்தால் பேச்சு போகிறது, நிமிர்த்தினால் வருகிறது. உள்ளே ஒரு கம்பி அறுந்து தொட்டும் தொடாமலும் இருந்தது. புது வயர் போட்டேன். பவர் பார்த்தேன், முழுசாக இருபத்தைந்து வாட். மஞ்சள் அட்டையில் "ஓகே - ரே" எழுதி வயரில் கட்டினேன். நான் பார்த்த எல்லா செட்டுக்கும் அதுதான் முத்திரை.

போண்டா தின்றுகொண்டே பார்த்திருந்தவர், "இன்னாத்துக்கு ரேவோட நிறுத்திக்கினே? முழுசா ரேணுன்னு எய்து. பாத்துகினே வண்டி ஓட்டுவேன்ல" என்றார்.

போய் வண்டியைப் பார் என்று விரட்டினேன். போன பிறகு தனியாகச் சிரித்தேன்.

13 ஜனவரி, திங்கள்

போகி. எரிக்க ஒன்றும் கிடைக்காமல் அந்த அறுந்த மைக் வயரைத் தூக்கிக்கொண்டு போகிறார் மனிதர். பிடுங்கி என் டூல்ஸ் டப்பாவில் போட்டேன்.

20 ஜனவரி, திங்கள்

மானம் போயிற்று.

பாலம் கட்டுகிற கம்பெனியிலிருந்து நாலு இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள், கிரேனுக்கெல்லாம் செட் வேண்டுமாம். சார் என்னைக் காட்டி, "இவங்கதான் எங்க டெக்னீஷியன், இருபது வருஷ அனுபவம்" என்று சொல்லி வாய் மூடவில்லை. பெஞ்ச் செட் முழுச் சத்தத்தில் அலறுகிறது: "ரேணு கண்ணு! இன்னாமே கொயம்பு வச்சே, வாயெல்லாம் எரியுது. நீ ஒரு முத்தம் குட்த்தாதான் அடங்கும். ஓவர்!"

நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். சார் முகம் சிவந்துவிட்டது. "ரேணுகா, இது ஒர்க்‌ஷாப்பா, உங்க வீட்டு பெட்ரூமா?" என்றார், அவர்கள் எதிரிலேயே.

இருபது வருஷம். ஆம்பளைங்க மட்டும் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு செட்டாகத் திறந்து வாங்கின மரியாதை. ஒரு குழம்பில் போய்விட்டது.

அவர்கள் போனதும் மைக்கை எடுத்தேன். "இனிமே இந்தச் சேனல்ல வாயத் தொறந்தே, செட்டையே புடுங்கிப் போட்டுடுவேன். அசிங்கம் புடிச்ச மனுசா."

பிறகு, "ரேணு... ஆளுங்க கீறாங்கன்னு தெரியாதுமே. கோச்சிக்காத. கேக்குதா?"

"கேக்கல."

இந்தத் தடவை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சத்தம் வைக்கிற திருகை ஜீரோவுக்குத் திருகினேன். வந்த அழைப்புகளின் நம்பர் பட்டியல் ஒன்று செட்டில் இருக்கிறது. அதில் முழுக்க இவர் செட்டின் நம்பர்தான், 103, 103 என்று. அதையும் அழித்தேன்.

21 ஜனவரி, செவ்வாய்

பேசவில்லை. தட்டில் சோறு போட்டேன், அவ்வளவுதான்.

22 ஜனவரி, புதன்

"இன்னும் காத மூடிகினுதான் கீறியா?" என்று சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் அகல்யாவைக் கூப்பிட்டு, "உங்கப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "காலேஜ் படிக்கிற பொண்ணை போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்க ரெண்டு பேரும்" என்றாள். இவர் சிரித்தார். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நாளைக்குப் பேசிவிடலாம். மூணு நாள் போதும். அதுவரைக்கும் கொஞ்சம் ஏங்கட்டும்.

8 பிப்ரவரி, சனி

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நடக்கவில்லை என்றே மனசு நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 23, வியாழக்கிழமை. சென்னீர்குப்பம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு கார் நின்றுபோயிருந்தது. காரில் வந்தவர்கள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். இவர் தனியாகத்தான் கொக்கி மாட்டியிருக்கிறார். பதினோரு மணி வாக்கில் நெஞ்சுவலி. போன் பாக்கெட்டிலிருந்து நழுவி, பின்னால் கொக்கிப் பக்கம் மண்ணில் கிடந்தது. முன்னால் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அரை மணி நேரம் கழித்து டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்து ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால், என்றார்கள். எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார்களோ என்னமோ.

மைக் அதன் கொக்கியில் இல்லையாம். சீட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்ததாம்.

ஜானகிராமன் அண்ணன் காரியத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் டீ குடிக்க அஞ்சு நிமிசம் வெளிய போனேம்மா. அந்த அஞ்சு நிமிசத்துலதான் கூப்டானோ? கன்ட்ரோலுக்கு ஒண்ணுமே வரலியேம்மா."

அகல்யா கேட்டாள்: "அப்பா கூப்டாராம்மா? யாருமே கேக்கலியா?"

10 பிப்ரவரி, திங்கள்

வேலைக்கு வந்துவிட்டேன். நாத்தனார் வாயில் கை வைத்துக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்தால் அந்தத் தோசைக்கல் என்னைப் பார்க்கிறது, அது அவளுக்கு எப்படிப் புரியும்.

பெஞ்ச் செட் நான் வைத்தபடியே இருந்தது, சத்தமில்லாமல், தூசி படிந்து. சார் அதைத் தொடுவதே இல்லை. நானும் தொடவில்லை.

கம்பெனியில் பேச்சு இதுதான்: மைக் தொங்கியது, ஆகவே கூப்பிட்டிருக்கிறார். கன்ட்ரோலுக்கு வரவில்லை, ஆகவே செட் கெட்டுப்போயிருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் அதை ஓகே செய்தது யார்? அட்டையிலேயே எழுதியிருக்கிறதே.

நான் போட்ட வயர்தானா? அவசரத்தில் சரியாகப் பற்ற வைக்கவில்லையா? போண்டா தின்றுகொண்டு பேச்சுக் கொடுத்தாரே, அந்தக் கவனத்தில் விட்டுவிட்டேனா? ராத்திரி பகல் இதுதான் ஓடுகிறது.

12 பிப்ரவரி, புதன்

செட் வந்தது. "உயிரே இல்லை, லைட் எரியவில்லை" என்று சீட்டு. என்ன ஆயிற்று என்று பார்த்து எழுதித்தர வேண்டுமாம்.

மஞ்சள் அட்டை இன்னும் வயரில் தொங்குகிறது. "ரே"க்குப் பக்கத்தில் பேனாவால் "ணு" என்று சேர்த்திருக்கிறார். கோணல் கையெழுத்து.

திறக்கவில்லை. துண்டால் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். அதுவும் ஓடவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

சார் "நான் பார்க்கட்டுமா?" என்றார். "யாரும் தொடக் கூடாது" என்றேன். குரல் அத்தனை உயரும் என்று எனக்கே தெரியாது.

முதலில் மைக் வயர். வேறு நல்ல செட்டில் செருகி வளைத்தேன், முறுக்கினேன், இழுத்தேன். நூறு தடவை இருக்கும். ஒரு தடவைகூட விட்டுப் போகவில்லை. என் வேலை நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது செட். ஃபியூஸ் கருகியிருந்தது. உள்ளே கரண்ட் நுழைகிற இடத்தில் ஒரு டயோடு இருக்கும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் தான் செத்து செட்டைக் காப்பாற்றும். அது செத்திருந்தது. பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலொழிய அப்படி ஆகாது. ஓடுகிற வண்டியில் எப்படி மாறும்?

கம்பெனி மெக்கானிக் யூசுப் பாய்க்கு போன் போட்டேன். முதலில் முழுங்கினார். பிறகு சொல்லிவிட்டார். "நாலு நாள் லைட்டு எரிஞ்சிகினே இருந்து பேட்டரி டவுன் ஆயிட்ச்சும்மா. வேற வண்டிலேந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணேன். மாத்திப் போட்டுட்டேன், பட்டுனு ஒரு சத்தம். பயந்துகினு சொல்லல. மன்ச்சிரும்மா."

"அதுக்கு முன்னாடி செட்டை யாராச்சும் தொட்டாங்களா?"

"மைக்க எட்த்து மாட்னேன். அவ்ளோதான். அல்லா மேல ஆணை."

அப்படியானால் இவர் வண்டியில் உட்கார்ந்திருந்தபோது செட் உயிரோடு இருந்தது. நான் ஓகே போட்டது ஓகேதான். பெஞ்சில் தலை வைத்து அழுதேன். வந்தது நிம்மதிதான், வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் தோன்றியது. செட் நன்றாக இருந்தால், கன்ட்ரோலுக்கு ஏன் வரவில்லை?

15 பிப்ரவரி, சனி

ரிச்சி தெருவிலிருந்து டயோடு வந்தது. போட்டேன். புது ஃபியூஸ். ஸ்விட்சைத் தட்டினேன்.

இந்த மாடல் செட் கடைசியாக எந்தச் சேனலில் இருந்ததோ அதே சேனலில்தான் விழித்துக்கொள்ளும்.

16.

ஐயோ.

என்னைத்தான் கூப்ட்டிருக்கான். கன்ட்ரோலை இல்ல. என்னை.

17 பிப்ரவரி, திங்கள்

நேற்று முழுக்கப் படுக்கையில். இன்று வந்து பெஞ்ச் செட் முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானம் வரை கை நீட்டவில்லை. சத்தத்தை ஜீரோவில் வைத்தாலும் செட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வருகிற நம்பரைக் குறித்துக்கொண்டுதான் இருக்கும். இது எனக்குத் தெரியும். இருபது வருஷ அனுபவம் ஆயிற்றே.

பார்த்தேன்.

103, 103, 103, 103, 103, 103, 103.

ஏழு. நான் அழித்தது 20ஆம் தேதி. அதற்கப்புறம் ஏழு தடவை.

இந்தப் பழைய செட்டில் மணி கிடையாது, தேதி கிடையாது. எது 21ஆம் தேதி "கோச்சிக்காதமே" என்றது? எது 22? எது அந்த... எத்தனை தடவை என்னைச் சமாதானம் செய்யப் பார்த்தார், எத்தனை தடவை உயிருக்குக் கூப்பிட்டார்? ஏழும் ஒரே மாதிரி இருக்கின்றன. "கேக்குதா"ன்னு கேட்டிருப்பார். பதில் இல்ல. நான் கேட்டுக்கிட்டே வேணும்னு சும்மா கீறேன்னு நெனச்சிருப்பாரா? அப்டி நெனச்சிகினேவா...

ஏன்யா என்னைக் கூப்ட்டே? ஒண்ணாம் சேனலுக்குத் திருப்பறதுக்கு ஒரு விரல் போதுமே. பாவி, ஒரு விரல்.

அந்த டிக். ஒரே ஒரு டிக் போட்டிருந்தால் பதினாறில் அவர் பேசியது கன்ட்ரோலிலும் கேட்டிருக்கும். நம்ம பேச்சு நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று நான்தானே போடாமல் விட்டேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று திட்டியதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டு என்ன. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "செட் பழசு, அப்பப்ப மக்கர் பண்ணும்னு எழுதிடலாம்மா. மெஷின் மேல போட்டா யாருக்கும் வலிக்காது. பொண்ணு வேற இருக்கா உனக்கு."

ஆசையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப ஆசையாக இருந்தது. அகல்யாவும் நேற்று என் தலையைக் கோதிவிட்டு, "செட்டு கெட்டதுக்கு நீ இன்னாம்மா பண்ணுவ" என்றாள். அந்தக் கை அப்படியே இருக்கட்டுமே.

சாயங்காலம் ஜானகிராமன் அண்ணனைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். டீ குடிப்பதை விட்டுவிட்டாராம். பாத்ரூம் போனால்கூட ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டுப் போகிறாராம். "அந்த அஞ்சு நிமிசம்மா" என்று மறுபடி ஆரம்பித்தார்.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் அங்கேயே நின்றார்.

20 பிப்ரவரி, வியாழன்

கம்பெனி ஃபாரத்தில் எழுதினேன். வண்டி எண்: 3. டிரைவர் பெயர்: கன்னியப்பன். இத்தனை வருஷத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் "யோவ்", செட்டில் "மூணு". எழுதிவிட்டுப் பார்த்தால் யாரோ ஒருவர் பெயர் மாதிரி இருந்தது.

கோளாறு: சம்பவத்தின்போது எதுவும் இல்லை. ஃபியூஸும் டயோடும் பிறகு போனவை.

காரணம் என்ற கட்டத்தில் இடம் கொஞ்சம்தான். இப்படி எழுதினேன்: "செட் நன்றாக வேலை செய்தது. அழைப்பு பதினாறாம் சேனலில் வந்தது. அந்தச் சேனலை மூணாம் வண்டியில் அனுமதியில்லாமல் ஏற்றியதும், கன்ட்ரோலுக்குக் கேட்காதபடி வைத்ததும், கடை செட்டின் சத்தத்தை நிறுத்தியதும் நான். கன்ட்ரோல் ரூம் மேல் தப்பில்லை. - ரேணுகா."

சார் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்டார்.

ஜானகிராமன் அண்ணனுக்கு நானே போன் செய்து படித்துக் காட்டினேன். "நீ ஏம்மா இத சொன்னே" என்றார். அழுதார்.

அகல்யாவிடம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். "அப்பா கூப்டாரு. நான்தான் கேக்கல" என்று முடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அவர் ஜாடை. திரும்பி அவருடைய சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

3 மார்ச், திங்கள்

அகல்யா என்னோடு பேசி பதினோரு நாள் ஆகிறது. அன்று மூணு நாள் போதும் என்று நினைத்தவள் நான்.

12 மார்ச், புதன்

வேலை போகவில்லை. கம்பெனி திட்டி ஒரு கடிதம் அனுப்பியது, வாங்கிக்கொண்டேன். ஒன்பது வண்டி செட்டிலும் சேனல்களை மறுபடி ஏற்றச் சொன்னார்கள். பதினாறாம் சேனலை அழித்துவிடலாமே என்றார் சார். அழிக்க வேண்டாம், ஒன்பதிலும் போடுவோம், கன்ட்ரோலும் கேட்கட்டும், இங்கேயும் கேட்கட்டும் என்றேன். வலிக்கிற மனுஷன் விரல் பழக்கப்பட்ட இடத்துக்குத்தான் போகும்.

டிக் போட்டேன். மவுஸில் ஒரு தட்டு. அவ்வளவு சுலபம்.

பெஞ்ச் செட்டை மட்டும் இனி யாரும் ஜீரோவுக்குத் திருக முடியாது, பாதிக்குக் கீழே போகாதபடி வைத்துவிட்டேன். அந்த ஏழையும் அழிக்கவில்லை. பட்டியலில் பத்துதான் நிற்கும். புது அழைப்பு வர வர, பழையது ஒவ்வொன்றாகத் தானே போய்விடும்.

19 மார்ச், புதன்

காலையில் கிளம்பும்போது அகல்யா டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள். "ரெண்டு தோசை வச்சிருக்கேன். போதுமா?" அவள் என்னிடமே நேராகக் கேட்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு போனேன், பக்கத்து சீட்டுக்காரி இறங்கும் வரை என் கையைப் பிடித்திருந்தாள்.

7 ஏப்ரல், திங்கள்

மூணாம் நம்பர் வண்டி இன்று மறுபடி ரோட்டுக்குப் போனது. புது டிரைவர் பச்சையப்பன், ஐம்பது வயசிருக்கும், வெற்றிலை வாய். செட்டை நானே வண்டியில் மாட்டினேன். மஞ்சள் அட்டையை மட்டும் கழற்றி என் டப்பாவில், அந்த அறுந்த வயரோடு வைத்துவிட்டேன். வேறு புது அட்டை எழுதிக் கட்டினேன். "ஓரமா நிறுத்தி, பதினாறுல ஒரு தடவ பேசிப் பாருங்கண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பெஞ்ச் செட் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷம் கழித்துப் பட்டியலில் புதிதாக ஒரு 103 ஏறியது. கூடவே குரல், "மூணாம் நம்பர் பேசறேன். கேக்குதா?"

என் வாய் என்னைக் கேட்கவில்லை. "கேக்கல" என்றுவிட்டது.

அந்த மனிதர் பலமாகச் சிரித்தார். "இன்னாம்மா நீ! கேக்கலன்னா எப்டி பதில் சொல்றே?"

மைக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நான் அழுத்தியிருக்கும் வரை அவர் பேசினாலும் எனக்குக் கேட்காது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். விரலை எடுத்தேன்.

"யம்மா? லைன்ல கீறியா?"

"கீறேன்" என்றேன். "கேக்குதுண்ணே. நல்லா கேக்குது."